வண்டியின் வில்லும் பிரயாணியின் முதுகும்

வில் என்றவுடன் தமிழ் கற்றார் நெஞ்சிற் சேரரின் கொடியும் இராமனின் கையும் தோன்றுவது இயல்பு. எம்மூர் முதியவர் ஒருவரைக் கேட்டாலோ, அவர் வில்லுவண்டிலை நினைப்பார். அச்சுக்கும் வண்டிற் கூட்டுக்கும் இடையே வளைந்த உருக்குத் தகடுகளை அடுக்கிப் பூட்டிய வண்டில் வந்தபோது, அத்தகடுகளுக்குப் பெயர் தேடி நம் முன்னோர் பிறமொழி வாயிலில் நிற்கவில்லை. பாரம் ஏற வளைந்து, பாரம் நீங்க நிமிரும் இயல்பை நோக்கி வில் என்றே அழைத்தனர். இலங்கைப் பாடநூல்களும் அச்சொல்லைக் கைவிடவில்லை. விற்றராசு என்பதை அறியாத விஞ்ஞான மாணவர் நம் கல்லூரியில் இலர். தமிழாசிரியராகிய நாம் மோட்டார் வாகனத்தின் அடிப்பாகத்தைப் பற்றி எழுதப் புகுந்தமைக்கு இச்சொல்லே நமக்குக் கிடைத்த அனுமதிச்சீட்டாகும். பொறியியலாளராய் விளங்கும் பழைய மாணவர்கள் சிரித்தாலும் சிரிக்கட்டும்.

கரடுமுரடான வீதியில் பஸ் செல்லும்போது பிரயாணிகள் எல்லோரும் ஒருமுகமாகத் திட்டுவது வீதியைத்தான். அடுத்தபடியாக, அதனைத் திருத்தாதவர்களை. இரு வசவும் நியாயமானவையே. எனினும், அதே வீதியில் அதே வேகத்தில் ஒரு வாகனம் நம்மைத் தாலாட்டிக்கொண்டு செல்ல, மற்றொரு வாகனம் உரலில் இட்ட நெல்லைப்போலக் குற்றி எடுப்பதையும் நாம் அனுபவித்திருக்கின்றோம். இவ்வேறுபாடு வீதியினால் வந்தது அன்று. சில்லுக்கும் இருக்கைக்கும் இடையே உள்ளவற்றால் வந்தது. இதனைச் சொகுசு பற்றிய பேச்சு என்று தள்ளிவிடுதல் கூடாது. நிறைமாதக் கர்ப்பிணியும், இடுப்பெலும்பு முறிந்த மூதாட்டியும், நேற்றுச் சத்திரசிகிச்சை முடிந்தவரும் செல்லும் வழி இதுவே. வன்னியில் இரு சக்கர உழவு இயந்திரத்தின் பெட்டியே நோயாளர் வண்டியாய்ப் பயன்பட்ட காலத்தை வாசகர் பலர் அறிவர். அப்பெட்டிக்கு வில் இல்லை.

முதலில், உடல் எதனால் நோகின்றது என்பதை ஆராய்வோம். ஏறி இறங்கும் உயரத்தினால் என்று சொல்வது பொருந்தாது. ஊஞ்சலிலிருக்கும் குழந்தை ஒரு மீற்றர் உயரம் ஏறி இறங்கியும் சிரித்துக்கொண்டே இருக்கின்றது. நோவைத் தருவது ஆர்முடுகல். அதாவது, வேகம் மாறும் விரைவு. இருக்கை ஒன்று நடுநிலையிலிருந்து மேலும் கீழும் ஒவ்வொரு சென்ரிமீற்றர் ஆடுவதாகக் கொள்வோம். ஒரு செக்கனுக்கு ஒரு முறை ஆடினால், அதன் உச்ச ஆர்முடுகல் புவியீர்ப்பு ஆர்முடுகலில் 25இல் ஒரு பங்கேயாகும். செக்கனுக்கு 5 முறை ஆடினால் அது 25 மடங்காகிப் புவியீர்ப்புக்குச் சமமாகிவிடும். பிரயாணி இருக்கையை விட்டுக் கிளம்பத் தொடங்கும் எல்லை அதுதான். ஆடிய தூரம் இரண்டிலும் ஒரே சென்ரிமீற்றர். முன்னையது தாலாட்டு, பின்னையது தண்டனை.

ஒரு செக்கனில் எத்தனை முறை ஆடுகின்றது என்னும் எண்ணை மீடிறன் என்பர். மனித உடல் எல்லா மீடிறன்களையும் ஒரேவிதமாகப் பொறுப்பதில்லை. இருந்தபடி பயணஞ் செய்பவரின் நடுவுடல், மேல்கீழான அதிர்வுகளுள் செக்கனுக்கு 4 முதல் 8 வரையானவற்றையே மிகுதியாக உணர்கின்றது. ஏனெனில் வயிறும் மார்பும் அடங்கிய பகுதியே ஒரு திணிவாகவும், முதுகெலும்பும் தசையும் அதனைத் தாங்கும் வில்லாகவும் அமைந்து, அந்த எண்ணிக்கையில் தாமே ஆட விரும்புகின்றன. 1974இல் முதன்முதலாக வெளிவந்த சருவதேச நியமமும் இப்பகுதியையே மனிதர் மிகக் குறைவாகப் பொறுக்கும் பகுதியாகக் குறித்தது. மறுபுறத்தில், செக்கனுக்கு அரைமுறையிலுங் குறைந்த மெல்லிய ஆட்டம் முதுகை வருத்தாது, வயிற்றைக் குமட்டும். குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குக் கச்சான் காலத்திற் படகேறியவருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. ஆகவே, வாகனத்தின் உடல் ஆட வேண்டிய வீதம் செக்கனுக்கு ஒன்று முதல் ஒன்றரை வரையாகும். அதற்குக் கீழே கடல், மேலே உரல்.

மிருதுவான வாகனம் என்றால் மெத்தை தடித்த வாகனம் என்று எண்ணுவோர் இங்கே சற்று நிற்க வேண்டும். வாகனத்தின் இயல்பான மீடிறனைத் தீர்மானிப்பது, அதன் பாரத்தினால் வில் எவ்வளவு தூரம் அமுங்கியிருக்கின்றது என்பதே. றொபேட் ஹூக் என்னும் ஆங்கில அறிஞர், வில்லின் நீட்சி அதனை இழுக்கும் விசைக்கு விகிதசமம் என்னும் விதியை 1678இல் வெளிப்படையாக எழுதினார். அதற்கு 2 ஆண்டுகளுக்கு முன்னரே, பிறர் கவர்ந்துவிடாவண்ணம், அவ்விதியின் எழுத்துக்களைக் கலைத்து அகரவரிசையில் அடுக்கி ஒரு புதிராக அச்சிட்டிருந்தார். சித்திரகவி பாடும் நம் புலவர்கள் அவருக்கு நல்ல நண்பர்களாய் இருந்திருப்பர்.

ஹூக்கின் விதியிலிருந்து பிறக்கும் எளிய கணக்கு ஒன்று உண்டு. வில் அமுங்கிய தூரத்தைச் சென்ரிமீற்றரில் அளந்து, அதன் வர்க்கமூலத்தால் 5ஐப் பிரித்தால் வருவது மீடிறன். வில் 25 சென்ரிமீற்றர் அமுங்கினால் செக்கனுக்கு ஒரு முறை. 16 ஆயின் ஒன்றேகால். 4 ஆயின் இரண்டரை. ஒரு சென்ரிமீற்றரே அமுங்கினால் 5 முறை. மாணவர் இதனை நூலும் கல்லுங்கொண்டே சோதிக்கலாம். 25 சென்ரிமீற்றர் நீளமுள்ள ஊசல் ஏறக்குறைய ஒரு செக்கனுக்கு ஒரு முறை ஆடிவரும். வில் அமுங்கிய தூரமும் ஊசலின் நீளமும் ஒன்றாயின், இரண்டின் ஆட்டமும் ஒன்றே. ஆகவே, ஒரு வாகனம் தாலாட்ட வேண்டுமாயின் அதன் வில் ஒரு சாணுக்குக் குறையாத தூரமாவது பாரத்துக்கு இணங்கிக் கொடுக்க வேண்டும். அவ்வளவும் போக, மேட்டில் ஏறும்போது மேலும் அமுங்க இடம் வேண்டும். சில்லுக்கு மேலே உள்ள அந்த வெற்றிடத்தைப் பார்த்தாலே வாகனத்தின் குணம் பாதி தெரிந்துவிடும்.

வில் இல்லாத வண்டியைத்தான் மனிதர் நெடுங்காலம் ஓட்டினர். முல்லைக்குத் தேர் ஈந்த பாரியின் தேரிலும் வில் இருந்திருக்க மாட்டாது. அதனை இழந்து நடந்து சென்றதால் வள்ளலின் முதுகுக்கு நட்டம் ஒன்றும் இல்லை என நாம் எண்ணுவதுண்டு. ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் குதிரை வண்டிகளுக்கு உருக்குத் தகட்டு வில்கள் பரவின. ஸ்கொத்லாந்தினரான தொம்சன் என்பவர் காற்றடைத்த ரயருக்கு 1845இல் உரிமம் பெற்றும் உலகம் அதனை மறந்துவிட்டது. 1888இல் டன்லொப் தம் மகனின் மூன்று சில்லுச் சைக்கிளுக்காக அதனை மீண்டும் ஆக்கிய பின்னரே காற்று நம் வீதிகளுக்கு வந்தது. சிறுகல், பரல், தார் உரிந்த இடம் முதலியவற்றை ரயரே விழுங்கிவிடுகின்றது. வீதியிலிருந்து எண்ணும்போது ரயரே முதலாவது வில், அடுத்தது தகடு அல்லது சுருள், மூன்றாவது இருக்கை, நான்காவது நம் முதுகெலும்பு. முன்னைய மூன்றும் தம் கடமையைச் செய்யாவிடில் நான்காவது செய்யும்.

தகட்டு வில்லைப் பற்றிச் சிறிது விரித்துரைப்பது தகும். நமது பஸ்களிலும் லொறிகளிலும் இன்றும் பெரும்பான்மை அதுவே. அதன் சிறப்பு யாதெனின், வில்லாகவும் அச்சைப் பிடித்து நிறுத்தும் கையாகவும் ஒன்றே தொழிற்படும். உடைந்தால் எந்தக் கராச்சிலும் ஒரு தகட்டை மாற்றலாம். கழித்த தகடு கொல்லன் உலையிற் கத்தியாகும். குறை யாதெனின், அடுக்கிய தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று உராய்ந்தே வளைய வேண்டும். புதிதாயிருக்கும்போது அவ்வுராய்வு ஆட்டத்தைச் சற்று அடக்கி நன்மை செய்யும். கடற்காற்றுப் பட்டுத் துருவேறி, சுண்ணக்கற்றூள் புகுந்து இறுகிய பின்போ, சிறிய அதிர்வுகளுக்குத் தகடுகள் வழுக்குவதே இல்லை. பல தகடுகள் ஒட்டி ஒரே கட்டையாகிவிடும். அவ்வாகனத்துக்கு வில் இருந்தும் இல்லை. தகடுகளை விரித்துத் துருச் சுரண்டிக் கிறீஸ் பூசும் வழக்கம் முன்னைய மெக்கானிக்குகளிடம் இருந்தது. செலவு குறைந்ததும் பயன் மிகுந்ததுமான அவ்வேலையைச் செய்விப்போர் இன்று அரியர்.

இன்னொரு வழக்கம் பெருகிவிட்டது. வில் தளர்ந்து வாகனம் தாழ்ந்தால், அல்லது அளவுக்கு மேற் பாரம் ஏற்ற விரும்பினால், மேலும் இரண்டு தகடுகளைச் சேர்த்துக் கட்டிவிடுகின்றனர். வாகனம் நிமிர்ந்து நிற்கும், உரிமையாளர் மகிழ்வர். முன்னர் 12 சென்ரிமீற்றர் அமுங்கிய வில் இப்போது 6 சென்ரிமீற்றரே அமுங்கும். மீடிறன் ஏறக்குறைய ஒன்றரையிலிருந்து இரண்டுக்கு மேல் ஏறும். பாரம் இறக்கிய பின் நிலைமை இன்னும் கடினமாகும். பின்னச்சு வில்லின்மேல் நிறைபாரத்தில் 8 தொன்னும் வெறுமையில் 2 தொன்னும் இருக்கும் லொறி ஒன்றை எண்ணுக. பாரம் நாலில் ஒன்றானால் வில் அமுங்குவதும் நாலில் ஒன்று, மீடிறன் இரட்டிப்பு. பாரத்தோடு ஒன்றரை முறை ஆடிய லொறி வெறுமையாய் 3 முறை ஆடும். அவசரத்துக்கு அகப்பட்டது என்று வெறும் லொறியில் நோயாளியை ஏற்றுவோர் இதனை அறிந்திருத்தல் நன்று. நெடுந்தூரச் சொகுசு பஸ் சிலவற்றில் உள்ள வளி வில், ஏறும் பாரத்துக்கேற்பக் காற்றைக் கூட்டியும் குறைத்தும் இவ்விடரைத் தீர்க்கின்றது.

இனி, வில்லைவிடக் குறைவாக அறியப்பட்ட உறுப்பு ஒன்றைப் பற்றிப் பேச வேண்டும். வில் அதிர்ச்சியை அழிப்பதில்லை. வாங்கி வைத்துத் திருப்பித் தருகின்றது. கிடங்கில் விழும்போது சேமித்த சக்தியை மறுகணம் மேல்நோக்கி வீசும், மீண்டும் வாங்கும், மீண்டும் வீசும். வட்டி இல்லாக் கடன்காரன் போல, ஒரு முறை விழுந்ததற்குப் பத்து முறை ஆட்டிவிட்டே ஓயும். அதற்குள் அடுத்த கிடங்கு வந்துவிடும். இவ்வாட்டத்தைத் தணிக்கவே, எண்ணெய் நிறைந்த உருளைக்குள் ஆடுதண்டு ஒன்றை இயங்க வைத்தனர். தண்டு அசையும்போது எண்ணெய் சிறுதுளைகளினூடே நெருக்கிக்கொண்டு செல்லும். ஆட்டத்தின் சக்தி வெப்பமாக மாறிக் காற்றிற் கலந்துவிடும். கரடுமுரடான பாதையில் ஒரு மணி நேரம் ஓடிய வாகனத்தின் இவ்வுருளையைத் தொட்டால் கை சுடும். நம் முதுகுக்கு வரவேண்டிய அடி அங்கே வெப்பமாய் வெளியேறியிருக்கின்றது.

இதனை ஷொக் அப்சோபர் என்று உலகமே அழைக்கின்றது; அதிர்ச்சியை உறிஞ்சுவது என்பது பொருள். பெயர் பிழையானது. அதிர்ச்சியை ஏற்பது வில். ஆட்டத்தைத் தணிப்பதே இதன் தொழில். தணிப்பான் என்று தமிழில் வழங்குவதே பொருத்தம் என்பது நம் கருத்து. பெயர்ப்பிழையால் ஒரு தீமையும் விளைந்துள்ளது. அதிர்ச்சி பலமாகத் தெரிந்தாலன்றித் தணிப்பான் கெட்டதாக எவரும் கருதுவதில்லை. உண்மையில் அது செத்த வாகனம் தொடக்கத்தில் மெத்தெனவே தோன்றும். சிலர் அதனைப் புகழவுஞ் செய்வர். வேகம் கூடியதும், வளைவில் திரும்பியதும், தொடர்ந்து இரண்டு மேடு வந்ததும் அதன் உண்மை நிறம் தெரியும். சில்லு நிலத்தை விட்டு எழும்பும் கணங்களில் தடுப்புக்கும் பிடி இல்லை, திருப்பத்துக்கும் பிடி இல்லை.

சோதிக்கும் முறை எளிது. நிறுத்திய காரின் ஒரு மூலையை முழுப்பலத்தோடு கீழே அழுத்தி விட்டுவிடுக. மேலே எழுந்து, ஒரு முறை தாழ்ந்து, அமைதியடைந்தால் தணிப்பான் நன்று. இரண்டு மூன்று முறை கூத்தாடினால் அதற்கு ஆயுள் முடிந்தது. உருளையின் புறத்தே எண்ணெய்க் கசிவு தெரிந்தாலும் அவ்வாறே. 1990களில் எரிபொருளும் உதிரிப்பாகங்களும் யாழ்ப்பாணத்துக்குத் தடைப்பட்டிருந்தபோது, மண்ணெண்ணெயில் ஓடிய மொறிஸ் மைனர்களும் ஏ40களும் நம் உயிர்களைக் காத்தன. அவை ஓடின என்பதே அதிசயம். தணிப்பானைப் பற்றி அந்நாளில் எவரும் கேட்கவில்லை. அவ்வருமை காரணமாகவோ என்னவோ, இயந்திரம் ஓடினால் வாகனம் நன்று என்னும் எண்ணம் நம்மவரிடம் தங்கிவிட்டது.

வீதியும் வேகமும் கூடி விளைவிக்கும் கேடு தனியானது. ஒரு மீற்றர் இடைவெளியில் மேடும் பள்ளமும் மாறிமாறி வரும் மக்கி வீதி ஒன்றில், மணிக்கு 18 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வாகனம் செக்கனுக்கு 5 மீற்றர் கடந்து 5 அடி வாங்கும். நடுவுடல் மிக வெறுக்கும் எண்ணிக்கை அதுவே. மணிக்கு 36 கிலோமீற்றர் ஆயின் செக்கனுக்கு 10 அடி. அச்சும் சில்லும் ரயருக்கும் வில்லுக்கும் நடுவே தாமாகத் துள்ளும் மீடிறன் பெரும்பாலும் 10 முதல் 15 வரையாதலின், அவ்வேகத்திற் சில்லு பேயாட்டம் ஆடும். வெளியிலிருந்து வரும் அசைவின் எண்ணிக்கையும் பொருளின் இயல்பான எண்ணிக்கையும் ஒன்றுபடும்போது ஆட்டம் பெருகுவதைப் பரிவு என்பர். பரிவு என்னும் இனிய சொல்லை இதற்கு இட்ட கலைச்சொல்லாக்க அறிஞர் எந்த வாகனத்திற் பயணஞ் செய்தனரோ, அறியோம். இன்னும் விரைந்தால் அடிகள் பரிவைத் தாண்டிவிடும். வாகனம் அமைதியடைந்தது போலத் தோன்றும். அதனால்தான் சாரதிகள் சிலர், வேகமாகப் போனால் குலுக்கம் இல்லை என்பர். அவர்கள் கூற்று மெய். ஆனால் அப்போது சில்லு மேட்டுக்கு மேடு தாவிச் செல்கின்றதேயன்றி, நிலத்தைப் பற்றிச் செல்லவில்லை. மாடொன்று குறுக்கிட்டால் தெரியும்.

இத்தகைய வரிமேடுகள் வீதி போட்டவரின் குறையால் வருகின்றன என்பது முழு உண்மை அன்று. உலர்ந்த மணலின்மேல் ஒரு சில்லைத் திரும்பத் திரும்ப உருட்டிய ஆய்வொன்று 2007இல் வெளிவந்தது. ஒரு குறித்த வேகத்தைத் தாண்டியதும் சமனான மணல் தானே வரிவரியாய் மடிந்தது; வில்லும் தணிப்பானும் இல்லாதபோதும் மடிந்தது. மக்கி வீதியில் வேகமாக ஓடும் எவரும் வரிமேட்டின் ஆசிரியரே.

சில்லு துள்ளுவதைக் குறைக்க வேறொரு வழி, வில்லுக்குக் கீழே தொங்கும் பாரத்தைக் குறைத்தல். கனத்த அச்சு கல்லில் ஏறினால் அதன் சடத்துவமே வில்லை உதைத்து உடலை எழுப்பும். இலேசான சில்லு எழுந்து தாழ்ந்துவிடும், மேலிருப்பவருக்குத் தெரியாது. சில்லின் பருமனும் உதவும். முச்சக்கர வண்டியின் சில்லு விட்டத்திற் சிறியதாகலின், பஸ் சில்லு மேலால் உருண்டு செல்லும் கிடங்கினுள் அது முழுமையாக இறங்கி ஏறுகின்றது. மூன்று சில்லும் மூன்று தடத்தில் ஓடுவதால் கிடங்கை விலக்கிச் செல்வதும் கடினம்.

கரடுமுரடான பாதைக்கென்றே சிந்தித்துச் செய்யப்பட்ட வாகனம் ஒன்றை இங்கே குறிப்பிடாவிடின் கட்டுரை நிறையாது. பிரான்சு நாட்டின் சித்ரோயென் நிறுவனத்தை நடத்திய பூலாஞ்சே என்பார், 1930களில் தம் பொறியியலாளரிடம் விசித்திரமான கட்டளை ஒன்றை வைத்தார். கமக்காரர் இருவரையும் 50 கிலோ உருளைக்கிழங்கையும் ஏற்றிச் செல்ல வேண்டும். உழுத வயலின் குறுக்கே ஓட்டினாலும் கூடையிலுள்ள முட்டை ஒன்றேனும் உடைதல் கூடாது. உலகப்போர் இடையிட்டுப் போனபின், 1948இல் பாரிசுக் கண்காட்சியில் அக்கார் வெளிவந்தது. 2சீவீ என்பது பெயர். தகரக்குடில் என்று பலர் நகைத்தனர். நகைத்தவர் அடியிற் பார்க்கவில்லை.

அதன் நான்கு சில்லும் தனித்தனிக் கைகளிற் பொருந்தியிருந்தன. ஒவ்வொரு பக்கத்திலும் முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் பொதுவாக, காரின் நீளவாட்டில் கிடையாகக் கிடந்த உருளை ஒன்றினுள் சுருள் வில்கள் இருந்தன. முன்சில்லு மேட்டில் ஏறியவுடன் அதன் கை உருளையை இழுக்க, அவ்விழுப்புப் பின்பக்கத்தையும் சிறிது உயர்த்தும். இதன் பயன் பெரிது. வாகனம் மேட்டைக் கடக்கும்போது முன்பகுதி எழுந்து பின்பகுதி தாழ்வதும், பின்னர் அது மாறுவதுமான ஆட்டமே தலையை முன்னும் பின்னும் எறிந்து பிரயாணியைச் சோர்வடையச் செய்வது. முன்னும் பின்னும் ஒன்றாக எழுந்தால் அது தோணியின் ஆட்டத்தைப்போல் மென்மையாகிவிடும். வில் மிக நெகிழ்ந்ததாகலின் வளைவுகளில் அக்கார் ஒரு பக்கம் சாய்ந்துகொண்டே திரும்பும். பார்ப்பவர் அஞ்சுவர், உள்ளிருப்பவர் பழகிவிடுவர். 1990 வரை அதனைச் செய்து விற்றனர். அதே 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்த மொறிஸ் மைனர், முன்சில்லுகளுக்கு முறுக்குக் கோலையும் பின்னே தகட்டு வில்லையும் கொண்டிருந்தது. நம் வீதிகளில் அரைநூற்றாண்டுக்கு மேல் அது நிலைத்தமைக்கு உருவத்தின் அழகு மட்டும் காரணம் அன்று.

முன்பின் ஆட்டத்துக்கு வேறொரு மருந்தை அமெரிக்காவில் மோறிஸ் ஒல்லி என்பவர் 1930களிற் கண்டார். முன்சில்லு மேட்டில் ஏறியபின் பின்சில்லு ஏறச் சிறிது நேரம் செல்லும். சில்லுகளுக்கிடைத் தூரம் இரண்டரை மீற்றரும் வேகம் மணிக்கு 36 கிலோமீற்றரும் ஆயின், கால் செக்கன். பின்வில்லைச் சற்றுக் கடினமாக்கினால், பிந்தித் தொடங்கிய பின்பகுதி விரைந்து ஆடி முன்பகுதியை எட்டிப்பிடித்துவிடும். இரண்டும் ஒத்து எழுந்து ஒத்துத் தாழும். முன்வில்லே மிருதுவாயிருக்க வேண்டும் என்னும் இம்முடிவு, அக்காலத்துப் பழக்கத்துக்கு நேர்மாறானது.

வாகனத்தைச் செய்வதும் வாங்குவதும் எல்லோர் கையிலும் இல்லை. எங்கே இருப்பது என்பதோ நம் கையில் உண்டு. பஸ்ஸின் இரண்டு அச்சுகளுக்கும் இடைத்தூரம் 5 மீற்றர் என்றும், கடைசி வாங்கு பின்னச்சுக்கு இரண்டரை மீற்றர் பின்னே என்றும் கொள்க. பின்னச்சின்மேல் உடல் 6 சென்ரிமீற்றர் எழுந்தால், நடுவில் இருப்பவர் 3 சென்ரிமீற்றர் எழுவார். கடைசி வாங்கில் இருப்பவர் 9 சென்ரிமீற்றர் எழுவார். சீசோப் பலகையின் கணக்கே இது. மூன்று மடங்கு வேறுபாட்டுக்கு ஒரு சதமும் கூடக் கொடுக்க வேண்டியதில்லை. இளைஞர் கடைசி வாங்கில் துள்ளி மகிழட்டும்; கர்ப்பிணியரையும் முதியோரையும் அச்சுகளின் நடுவே இருத்துவது நடத்துநரும் மற்றப் பிரயாணிகளும் செய்யக்கூடியது. நின்று செல்வோர் முழங்காலைச் சிறிது மடித்து நின்றால், இயற்கை தந்த வில்லும் தணிப்பானும் அங்கே வேலை செய்யும். கிடங்கைக் கண்டதும் சைக்கிளில் எழுந்து மிதிப்பவர் இதனை எவரிடமும் கற்கவில்லை.

கடைசியாக, வில்லற்ற பெட்டிக்கு வருவோம். அங்கே ரயர் ஒன்றே வில். அது ஓரிரண்டு சென்ரிமீற்றர் அமுங்கினால், மேற்சொன்ன கணக்கின்படி மீடிறன் மூன்றரைக்கும் ஐந்துக்கும் இடையில் விழும், தணிப்பானும் இல்லை. நோயாளியின் கீழே மெல்லிய பஞ்சணை ஒன்றை விரித்துவிட்டால் போதும் என்று உறவினர் எண்ணுவர். உடலின் கீழே ஒரு சென்ரிமீற்றர் அமுங்கும் அணைக்கும் மீடிறன் ஏறத்தாழ 5தான். வில் எதுவாயினும், தன் மீடிறனின் ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கு மேற்பட்ட அதிர்வையே அது குறைக்கும். அதற்குக் கீழே உதவாது. தன் மீடிறனை அண்மியதைப் பெருக்கும். ஆகவே, அம்மெல்லணை பெட்டியின் சடசடப்பைக் குறைத்து, உடலை வருத்தும் 5ஐக் கூட்டிவிடும். படுத்தபின் ஆறு ஏழு சென்ரிமீற்றராவது தாழும்படி வைக்கோலை உயரப் பரப்பினால், மீடிறன் இரண்டளவில் இறங்கும். மூன்றுக்கு மேற்பட்ட அதிர்வுகள் குறையத் தொடங்கும். வைக்கோலின் தாள்கள் ஒன்றோடொன்று உராய்வதால் தணிப்பும் கிடைக்கும். வழியில் அது தட்டையாகிவிடுமாதலின், ஒரு கட்டு வைக்கோலைப் பெட்டியின் மூலையில் உபரியாய் வைத்து, இடையிடையே நிறுத்தி உதறிப் பரப்ப வேண்டும். ரயரின் காற்றைப் பாரத்துக்கு உரிய அளவுக்கு மேல் அடியாதிருத்தலும், பெட்டியின் கொழுக்கிக்கும் பின்விளிம்புக்கும் விலகி, நோயாளியின் உடலை இயன்றவரை நடுவில் வைத்தலும், வரிமேடு உள்ள இடத்தில் நடைவேகத்துக்கு இறங்குதலும் சாரதி செய்ய வேண்டியவை.